காது காய்ந்த மாதம்

நாகையாவின் இடது காதுக்குள் படிகாரப் பொடியை ஊதியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. என் பெயர் அய்யாவு. யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ப நெம்புகோலைத் தள்ளிவிடுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. நாகையா என்னைவிட நாலு வயது இளையவன். எஞ்சினில் ஃபயர்மேன், அதாவது அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டி அவனுடையது. அவன் பெண்சாதி பவுனம்மாள் எனக்கும் சேர்த்து உலை வைப்பாள். இந்த நாட்டில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்ட ஆட்கள் அந்த இரண்டு பேர்தான்.

நாகையாவுக்குச் சின்ன வயதிலிருந்து இடது காதில் சீழ். வலியெல்லாம் கிடையாது. வடியும், நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். தினமும் காலையில் பவுனம்மாள் ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றித் துடைத்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்து அனுப்புவாள். எஞ்சின் ஷெட்டில் அவனுக்குப் பஞ்சுக்காதன் என்று பெயர்.

"உன் காதுல இதுவரைக்கும் வச்ச பஞ்ச சேத்து வச்சிருந்தா ஒரு மெத்த தச்சிருக்கலாம்டா" என்பான் தங்கமணி. அவன் எஞ்சின் சாம்பல் வாருகிறவன்.

"தச்சுத் தரேன், உன் மாமியாள படுக்கச் சொல்லு" என்பான் நாகையா.

அந்த வருஷம் இரண்டு டிரைவர் வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். நாகையா பதினொரு வருஷம் கரி அள்ளியவன். சிக்னல் விதியெல்லாம் மனப்பாடம். எஞ்சினில் என்ன சத்தம் வந்தால் என்ன கோளாறு என்று வலது காதாலேயே சொல்லிவிடுவான். ஆனால் மெடிக்கல் இருக்கிறதே. கலர் நூல் கட்டைக் கொட்டிச் சிவப்பை எடு, பச்சையை எடு என்பார்கள். அதில் அவனுக்குப் பயமில்லை. பிறகு காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். சீழ் இருந்தால் அந்த இடத்திலேயே கழித்துவிடுவார்கள். தங்கமணி அப்படிக் கழிக்கப்பட்டவன்தான்.

மெடிக்கலுக்குப் போகிற ஆட்களுக்கு எங்கள் லைனில் ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. பார்வை குறைந்தவன் எழுத்துப் பலகையை முன்னால் போனவனிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வான். காது வடிகிறவனுக்குப் படிகாரம். சட்டியில் போட்டுப் பொரித்து, மாவாக இடித்து, பப்பாளித் தண்டில் வைத்துப் பத்து நாளைக்குக் காதுக்குள் ஊத வேண்டும். காது சுண்ணாம்பு அடித்த மாதிரி காய்ந்துபோகும். மெடிக்கல் முடிந்ததும் மறுபடி வடிய ஆரம்பித்துவிடும் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த வித்தை. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று நினைத்திருந்தோம்.

பவுனம்மாள் பொரித்து இடித்தாள். நான் ஊதினேன்.

"அண்ணே, பொடிய ஊது. எச்சியத் துப்பிடாத" என்றான் நாகையா, தலையைச் சாய்த்துக்கொண்டு.

"பேசாம இருடா. நீ பேசினா காது ஆடுது."

"ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு ஊதுங்க" என்றாள் பவுனம்மாள்.

"வாய மூடிக்கிட்டு எப்படித் தாயி ஊதுறது?"

மூன்று பேரும் சிரித்ததில் பொடி அவன் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

எட்டாம் நாள் காது காய்ந்துவிட்டது. பஞ்சை எடுத்தால் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அவனுக்கு நினைவு தெரிந்து அப்படி இருந்ததில்லையாம். பவுனம்மாள் அந்தப் பஞ்சை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மெடிக்கலில் பாஸ் செய்துவிட்டான். அன்றைக்கு அவள் கோயிலில் தேங்காய் உடைத்தாள். டிரைவர் ஆர்டர் இரண்டு மாதத்தில் வரும் என்றார்கள்.

காது மறுபடி வடியவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷப்பட்டோம்.

மூன்று வாரம் கழித்துத் தலைவலி வந்தது. காலையில் எழுந்திருக்கும்போதே இடது பக்கம் மண்டையைப் பிளக்கிறது என்பான். எஞ்சின் சூடு என்று சொல்லிப் பவுனம்மாள் உச்சியில் எண்ணெய் வைத்தாள். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். பிறகு வாந்தி. குமட்டலே இல்லாமல் திடீரென்று எடுப்பான். அதன் பிறகு ஆள் மந்தமாகிவிட்டான். கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்துப் பதில் வரும். ஒருநாள் ஓடுகிற எஞ்சினில், "அதக் குடுங்க, அது, கரி அள்ளுறது" என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறான். பதினொரு வருஷம் கையில் பிடித்த சவுளின் பெயர் வாயில் வரவில்லை.

"கள்ளுக்கடையில விட்டுட்டு வந்துட்டியா?" என்று டிரைவர் சிரித்தாராம். ஷெட் முழுக்க அதே பேச்சு. நானும்தான் திட்டினேன். "ஆர்டர் வர்ற நேரத்துல குடிச்சிட்டு நிக்கிறியேடா" என்றேன். அவன் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்று சொல்லவும் அவனுக்கு நேரம் பிடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, காதப் பத்தி வாயத் தொறக்காத. ஆர்டர் போயிரும். வீடு போயிரும்."

"சரிடா."

"பவுனு தலைல அடிச்சுச் சொல்லு."

பவுனம்மாள் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் தலையில் கை வைத்து, "சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டில் வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்தார். கூடவே டிரெசர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர், இருபது வருஷம் காயம் கழுவிக் கட்டுப்போட்ட கை. டாக்டர் இங்கிலீஷில் கேட்பதை அவர் எங்களுக்குத் தமிழில் சொல்வார். டாக்டர் அவன் கண்ணுக்குள் விளக்கடித்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார். பிறகு காதைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"இவருக்குக் காதில எப்பவாவது சீழ் வந்ததோ எண்டு கேக்கிறார்" என்றார் கார்த்திகேசு.

"இல்லீங்க" என்றேன்.

"சின்ன வயசில?"

"இல்லீங்க. போன மாசந்தான் மெடிக்கல் பாஸ் பண்ணினாரு. பேப்பரு வீட்டுல இருக்கு."

"காதுக்குள்ள வெள்ளையா என்னவோ கிடக்குது."

"கரித்தூளு அடையுதுன்னு எண்ண கிண்ண ஊத்துவாருங்க. அந்த அழுக்கு."

கரித்தூள் எப்படி வெள்ளையாகும் என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் நான் சொன்னதை அப்படியே சொன்னார். மலேரியா தலைக்கு ஏறியிருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். கொய்னா ஊசி போட்டார்கள். நான் டியூட்டிக்குத் திரும்பிவிட்டேன். நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு நிம்மதி இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் போனபோது தூங்கிக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை காலை டியூட்டிக்குப் போகாமல் மறுபடி போனேன். பவுனம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் கரண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவளையும் கரண்டியையும் ஒரே மாதிரிதான் பார்த்தான்.

"என்னங்க, நான் யாரு?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். வாய் ஒரு பக்கம் கோணி, கஞ்சி வழிந்தது.

பவுனம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் தல வெடிச்சா வெடிக்கட்டும். போய்ச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

கார்த்திகேசு குழாயடியில் எனாமல் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"டிரெசர் ஐயா, அவனுக்குக் காது வடிஞ்சுதுங்க."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "எத்தனை வருசமா?"

"இருவது, இருவத்தஞ்சு வருசம் இருக்கும்."

"எப்ப நிண்டது?"

"ஆறு வாரம் ஆச்சு."

"தானா நிண்டதோ?"

படிகாரத்தைச் சொன்னேன். பப்பாளித் தண்டைச் சொன்னேன். யார் ஊதியது என்றும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை நான் உம்மட்டைக் கேட்டனான்" என்றார். டாக்டரைத் தேடி வேகமாகப் போனார்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்து, நாடியை மறுபடி எண்ணினார். நாற்பத்தெட்டுத்தான் அடித்ததாம். மூளைக்குள் சீழ்க்கட்டி என்று முடிவு செய்துவிட்டார்கள். கார்த்திகேசு எங்களை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் விளக்கினார்.

"காதுக்கு மேல மெல்லிசா ஒரு எலும்பு. அதுக்கு அங்கால மூளை. இவ்வளவு காலமும் சீழுக்கு வெளியால வர வழி இருந்தது. அந்த வழி அடைபட்டுப் போச்சு. அது எலும்பை அரிச்சு உள்ள இறங்கியிருக்கு."

"இப்ப என்ன செய்வாங்க?" என்றாள் பவுனம்மாள்.

"சும்மா விட்டால் ரெண்டு மூண்டு நாள். அதுக்கு மேல தாங்காது. மண்டையில சின்ன ஓட்டை போட்டு ஊசியால சீழை இழுக்கலாம். சின்ன வேலை, ஆள் தாங்குவார். ஆனால் காது எலும்பில கிடக்கிற அழுகல் அப்பிடியே இருக்கும். திரும்பவும் சேரும். மற்றது, காதுக்குப் பின்னால எலும்பைக் கொத்தித் திறந்து, அழுகலை எடுத்து, கட்டிக்குள்ள ரப்பர் குழாய் வைக்கிறது. பெரிய வேலை. மேசையிலேயே போனாலும் போவார். டொக்டர் அதைத்தான் செய்ய வேணும் எண்டு சொல்றார்."

"செஞ்சவங்கள்ல எத்தன பேரு பொழைச்சாங்க?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வேலைக்கு வந்த நாளில இருந்து ஒன்பது பேரைக் கண்டனான், தங்கச்சி. ரெண்டு பேர் நடந்து வீட்டுக்குப் போனவை."

அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே."

"எனக்குச் சொல்ற யோக்கியத இல்ல தாயி."

"யோக்கியதயப் பத்தி யாரு கேட்டா? எதுன்னு சொல்லுங்க."

"தொறக்கச் சொல்லு" என்றேன்.

கட்டைவிரலில் மை தடவிக் காகிதத்தில் வைத்தாள். பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தலையை மழித்துவிட்டிருந்ததால் சட்டென்று அவனை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் சுட்டது. மலாய்க்காரத் தோட்டக்காரர் ஒருவர் எங்கள் காலடியில் புல் வெட்டினார். நாங்கள் நகர்ந்து உட்கார்ந்தோம். பவுனம்மாள் வெட்டிய புல்லை எடுத்துக் கிள்ளிக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நானும் அங்கனதான நின்னேன். நானும் வாயத் தொறக்கலியே."

"உன்ன யாரும் கேக்கலியே."

"கேட்டாத்தான் சொல்லணுமா?"

"நான்தான ஊதினேன்."

"நான்தான இடிச்சேன்" என்றாள். "இதுலயும் போட்டியா? விடுங்க."

ஒன்றரை மணிக்குக் கார்த்திகேசு வந்தார். முகத்தில் வேர்வை. "உயிர் இருக்கு. ரெண்டு அவுன்சுக்கு மேல எடுத்தது, பச்சை நிறத்தில. இனி அந்தக் குழாய் எவ்வளவு வடிய விடுது எண்டதில இருக்கு" என்றார். பவுனம்மாள் அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். "அந்தப் பொடியாலதானாங்க?"

"பொடி போடாத காதும் உள்ள இறங்கும். பொடி போட்ட காது எத்தினையோ ஒண்டும் ஆகாமக் கிடக்கும். ஆர் கண்டது?"

"நான் சொல்லாம விட்ட அந்த ரெண்டு நாளு?"

"அதைக் கேக்காதையும்" என்றார்.

மூன்றாம் நாள் கண் திறந்தான். பத்தாம் நாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தானே பிடித்தான், இடது கையால். வலது கையில் பலம் இல்லை. தினமும் கட்டுப் பிரிக்கும்போது குழாயிலிருந்து வடிவதைக் கார்த்திகேசு எங்களுக்குக் காட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை நறுக்கிச் சின்னதாக்கினார்கள். இருபத்திரண்டாம் நாள் எடுத்தேவிட்டார்கள். டாக்டர் வேறு இரண்டு டாக்டர்களைக் கூட்டிவந்து அவன் தலையைத் திருப்பிக் காட்டினார். அவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"பத்தில மூண்டு பேர்" என்றார் கார்த்திகேசு. அவருக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அவனுக்குப் பெயர்கள் போய்விட்டன. பேசுவான். 'வா', 'போ', 'வலிக்குது' எல்லாம் வரும். ஒரு பொருளின் பெயர் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வந்து நின்றுவிடுவான், சிக்னல் விழாத வண்டி மாதிரி. கார்த்திகேசுவை ஒருநாள் எஞ்சின் என்று கூப்பிட்டான். தப்பு என்று தெரிந்து அவனே சிரித்தான். "பரவாயில்ல, புகையும் விடுறனான்தானே" என்றார் அவர். நாங்கள் வரிசையாகப் பெயர் சொல்லிக் கேட்கப் பழகிக்கொண்டோம். "தண்ணியா? பாயா? வேட்டியா?" என்று பவுனம்மாள் அடுக்குவாள். சரியான பெயர் வந்தால் தலையாட்டுவான். எனக்கும் அது கைவந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தே இரண்டாவது சொல்லில் பிடித்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தரம் வலிப்பு வந்தது. டிரைவர் ஆர்டர் வேறொருவனுக்குப் போயிற்று. ஆபீஸிலிருந்து நாகையாவுக்குக் கடிதம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். எஞ்சின் வேலைக்கு லாயக்கில்லை. இரண்டு பேருக்கும் ஊருக்குக் கப்பல் டிக்கெட். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காதைப் பற்றிப் பொய் சொன்னதற்கு யாரும் எங்களைத் தண்டிக்கவில்லை.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் வீட்டுக்குப் போனேன். பவுனம்மாள் உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நாகையா வாசலில் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். காதுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் குழி. முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"அண்ணே" என்றான். "அவரு… கண்ணாடி."

"டிரெசரா?"

தலையாட்டினான். "சொன்னாரு. நீ… மூணாம் நாளு."

அவன் கட்டுப் பிரிக்கப் போனபோது டிரெசர் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். மறைக்க அவருக்கு என்ன இருக்கிறது.

"ஆமாண்டா. செவ்வாக்கெழம கேட்டாங்க. வடியலேன்னு சொன்னேன். வியாழக்கெழமதான் உள்ளதச் சொன்னேன்."

அவன் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி இறுகியது. கண்ணில் தண்ணீர் இல்லை. கோபமா என்றும் தெரியவில்லை.

"நீ ஏன்…" என்றான்.

அதோடு நின்றுவிட்டான். உதடு அசைகிறது, சொல் வரவில்லை. நெற்றி நரம்பு புடைக்கிறது. மறுபடி, "நீ ஏன்…"

வழக்கமாக இந்த இடத்தில் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு என்னிடம் இரண்டே சொல் இருந்தது. சொன்னே. சொல்லல. ஏன் சொன்னாய் என்று கேட்கிறானா, எஞ்சின் போயிற்றே என்று? ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறானா, கையும் பேச்சும் போயிற்றே என்று? இரண்டையும் அடுக்கினால் ஒன்றுக்குத் தலையாட்டியிருப்பான். எதற்கு ஆட்டினாலும் அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

அவன் காத்திருந்தான். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிடி தளர்ந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இந்தக் கயித்தக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க" என்று உள்ளேயிருந்து பவுனம்மாள் கூப்பிட்டாள். போய்க் கட்டிக் கொடுத்தேன்.

புதன்கிழமை அவர்கள் துறைமுகத்துக்கு ரயில் ஏறினார்கள். எனக்கு அன்று யார்டில் டியூட்டி. லீவு கேட்கவில்லை.